மூன்றாம் அட்டவணையில் அ.பே.

பசார் வீதி,
பதுளை.
2024.06.04

அன்புள்ள ஜெயலெட்சுமி டீச்சருக்கு,

போனில் பேசாமல் கடிதம் எழுதுவதைக் குறையாக நினைக்க வேண்டாம். காதில் மெஷின் போட்டும் போனில் வரும் குரல் எனக்குப் பாதிதான் விளங்குகிறது. போன கிழமை நீங்கள் "ப்ரூப் வந்துட்டுதா சேர்?" என்று கேட்டதற்கு நான் "சூப் குடிச்சுட்டேன்" என்று பதில் சொன்னேனாம். பக்கத்தில் நின்ற மருமகள் ஜிப்னா இன்னும் சிரிக்கிறாள். வாட்ஸ்அப்பும் அவளுடைய போனில்தான் இருக்கிறது. வருவதை முதலில் அவள் உரக்க வாசித்துவிடுகிறாள். கடிதம் என்றால் ஒரு தரம் எழுதிக் கிழித்து, இரண்டாம் தரம் நிதானமாக எழுதலாம்.

நம் வானியல் புத்தகத்தின் ப்ரூப் வந்துவிட்டது. ஹஜ்ஜுப் பெருநாளுக்கு முன் திருத்தித் தரும்படி ஆசிரியர் வட்டத்துச் செயலாளர் ஹாஷிம் கேட்டிருக்கிறார். என்னுடைய நான்கு அத்தியாயங்களையும் உங்களுடைய மூன்றாம் அத்தியாயத்தையும் மும்முறை வாசித்தேன். முதல் வாசிப்பு எழுத்துப் பிழைக்கு, இரண்டாவது எண்களுக்கு, மூன்றாவது முதல் இரண்டிலும் எதையாவது விட்டுவிட்டேனோ என்ற பயத்துக்கு.

உங்கள் அத்தியாயத்தில் "நட்சத்திரம்" என்று வரும் இடங்களில், பாடப்புத்தக வழக்கப்படி "உடு" என்று போடலாமா?

மற்றது, மூன்றாம் அட்டவணையைப் பற்றி எனக்கு ஒரு சிறு தயக்கம் இருக்கிறது. என் தயக்கம் பிழையாகவும் இருக்கலாம். நீங்கள் ஒரு தரம் பார்த்துக்கொண்டால் நல்லது என்று தோன்றுகிறது.

இப்படிக்கு,
ஏ. எம். ஸரூக்


கொஸ்லந்தை.
2024.06.09

ஸரூக் சேருக்கு வணக்கம்.

சூப் கதையைப் பக்கத்து வீட்டு தனுஜாவுக்கும் வாசித்துக் காட்டினேன். கோபிக்க வேண்டாம்.

"உடு" வேண்டாம் சேர். எங்கள் பக்கத்துப் பிள்ளைகள் பரீட்சையில் எழுதுவதுதான் உடு. வெளியே வந்து தலை நிமிர்ந்து பார்ப்பது நட்சத்திரம்.

அட்டவணையில் தயக்கம் என்று மட்டும் எழுதினால் நான் எதைப் பார்ப்பது? எந்த வரி? எந்த எண்? பதினொரு வருடம் பண்டாரவளையில் ஒரே ஸ்டாப் ரூமில் இருந்தோம். தெப்பமாக நனைந்து உள்ளே வந்துகூட, "மழை பெய்யிற மாதிரி இருக்கு டீச்சர்" என்றுதான் சொல்வீர்கள். பிழை கண்டால் பிழை என்று எழுதுங்கள்.

அந்த அட்டவணைக்குப் பதினான்கு மாதம் போனது. இணையத்தில் கிடைக்கும் பட்டியலை அச்சடித்து, அடிமட்டத்தை வரிக்கு வரி நகர்த்தி எண்ணினேன். சூரியனைப் போன்ற நட்சத்திரங்கள் ஆயிரத்து இருநூறு. சூரியனைவிடச் சிறிய, மங்கலான சிவப்பு நட்சத்திரங்கள் நூற்றைம்பது. இவற்றை மிக நெருங்கி, பத்து நாளுக்குள் ஒரு சுற்றை முடித்துவிடும் சிறிய கோள்களை மட்டும் எடுத்தேன். நூறு நட்சத்திரத்துக்குச் சூரியன் வகையில் பத்துக் கோள் வந்தது. சிவப்பு வகையில் இருபது. இரட்டிப்பு! பெரிய தொலைநோக்கிகளை வைத்திருப்பவர்கள் இதைவிடப் பல மடங்கு பார்த்துச் சொல்லும் திசையும் இதுதான். ஆனால் இது கொஸ்லந்தையில் ஒருத்தி தன் கையால் எண்ணிப் பார்த்தது.

வியாழனைப் போன்ற பெரிய கோள்களுக்கு இது நேர்மாறு. அவை சிவப்பு நட்சத்திரங்களின் அருகில் அபூர்வம். உலோகச் செறிவு கூடிய நட்சத்திரங்களின் அருகில் அதிகம். அதையும் எழுதியிருக்கிறேன். நட்சத்திரம் பிறந்த புதிதில் அதைச் சுற்றித் தூசியும் வாயுவும் சேர்ந்த ஒரு தட்டு இருக்கிறது. நட்சத்திரத்தின் காந்தப்புலம் அந்தத் தட்டின் உள்பக்கத்தை வெறுமையாக்கிவிடுகிறது. வெளியிலிருந்து நகர்ந்து வரும் கோள் அந்த விளிம்புக்கு அருகில் நின்றுபோகிறது என்கிறார்கள். ஆகவே எங்கே நிற்பது, எத்தனை பேர் நிற்பது என்பதைக் கோள் தீர்மானிப்பதில்லை. எந்த நட்சத்திரத்தின் காலடியில் பிறந்ததோ அதுதான் தீர்மானிக்கிறது. என் அத்தியாயத்தின் உயிர் இந்த ஒரு வரி. மற்ற எதையும் திருத்துங்கள். அதைத் தொட வேண்டாம்.

நாற்பது வருடமாகப் பிள்ளைகளின் கொப்பிகளில் என் கையெழுத்து இருக்கிறது. அச்சில் என் பெயர் இதுவரை ஒரு பக்கத்திலும் வந்ததில்லை.

அன்புடன்,
ஜெயலெட்சுமி


பதுளை.
2024.06.14

அன்புள்ள டீச்சருக்கு,

உங்கள் கடிதம் நேற்றுத்தான் கைக்குக் கிடைத்தது. அதற்கு முந்திய நாள் ஹாஷிம் எங்கள் கடைக்கே வந்துவிட்டார். ஒரு காலத்தில் என் வகுப்பில் கடைசி வாங்கில் இருந்தவர். இப்போது என் முன்னால் நின்று கைக்கடிகாரத்தைப் பார்க்கிறார். "சேர், பிரஸ்காரன் பெருநாளைக்குப் பொறகு வேற வேலை எடுத்துட்டான். இன்னைக்குத் தரல்லாட்டி அடுத்த வருசம்தான்" என்றார். அடுத்த வருடம் என்ற சொல் எழுபத்திரண்டு வயதில் எப்படிக் கேட்கும் என்று உங்களுக்கும் தெரியும்.

அட்டவணையின் எண்கள் எனக்கு எப்படிப் போட்டாலும் பொருந்தி வரவில்லை. நான்கு மாலை இருந்து பார்த்தேன். நான்காம் நிரல் நம்பத் தகுந்ததாகப் படவில்லை. அதை நீக்கிவிட்டால் எல்லாம் ஒழுங்காக வருகிறது. ஆகவே நீக்கிவிட்டேன். அதற்கு ஏற்றபடி வேறு சில சிறு மாற்றங்களும் செய்தேன்.

உங்களைக் கேட்டிருக்க வேண்டும். கேட்டால் நீங்கள் மனம் நோவீர்களோ என்று நினைத்தேன்.

ஸரூக்


கொஸ்லந்தை.
2024.06.27

ஸரூக் சேருக்கு,

நேற்று பண்டாரவளை பிரஸ்ஸுக்குப் போய் அச்சடித்த தாள்களைப் பார்த்தேன். ஹாஷிம் சேர் கதிரை போட்டு உட்கார வைத்து, "டீச்சர், உங்கட சாப்டர் சோக்கா வந்திருக்கு, வாசிங்க" என்றார். வாசித்தேன்.

"உடுவின் வகை, அதன் அருகில் சுற்றும் கோள்களின் தொகையை மாற்றுவதாகத் தெரியவில்லை."

உடு! அதைக்கூட விடவில்லை நீங்கள். நான் தொட வேண்டாம் என்று எழுதிய வரி இருந்த இடத்தில் அதற்கு நேர் எதிரான வரி நிற்கிறது. அத்தியாயத்தின் கீழே "ஆ. ஜெயலெட்சுமி" என்று தடித்த எழுத்தில் என் பெயர். நாற்பது வருடம் காத்திருந்து அச்சில் பார்த்த பெயர், நான் சொல்லாத ஒன்றுக்கு.

"இத நான் எழுதலயே" என்றேன். ஹாஷிம் சேர் சிரித்தார். "ஸரூக் சேர் பார்த்தா கணக்குப் பிழைக்காது டீச்சர். முப்பத்தஞ்சு வருசம் மெத்ஸ் படிப்பிச்ச மனிசன்."

"அப்ப நான் படிப்பிச்ச நாப்பது வருசமும் தேங்கா திருவிக்கிட்டு இருந்தேனாங்க?" என்று கேட்டுவிட்டு எழுந்து வந்துவிட்டேன். பஸ்ஸில் ஏறிய பிறகுதான் குடையை அங்கேயே விட்டது தெரிந்தது.

நான்காம் நிரல் உறுதியாகாத கோள்களுடையது. அதனால் உங்களுக்கு நம்பிக்கை இல்லை. சரி. ஆனால் சிவப்பு நட்சத்திரம் மங்கல், சேர். மங்கலான ஒன்றின் முன்னால் கோள் போவது தெரிந்தாலும், இரண்டாம் முறை வேறு விதமாகச் சரிபார்ப்பது கஷ்டம். ஆகவே அங்கேதான் சந்தேகத்தில் கிடப்பவை அதிகம். அவற்றை மொத்தமாக வெட்டினால் யாரை வெட்டுகிறீர்கள்? வெளிச்சம் உள்ளவன் பக்கத்தில் இருப்பதெல்லாம் கணக்கில் வரும். மங்கலானவன் பக்கத்தில் இருப்பது இல்லாமலே போய்விடும்.

எங்கள் அம்மா விடியக்காலையில், தோட்டத்தில் ஆள் கணக்கெடுக்கும் பெரட்டுக் களத்தில் போய் நின்று பேர் கொடுப்பார். பின்னேரம் வரை மலையில் தேயிலைக் கொழுந்து எடுப்பார். நிறுக்கும்போது இரண்டு கிலோ குறைந்தால், அன்றைக்கு அம்மாவுக்கு அரைப்பேர். நாள் முழுக்க நின்றது நின்றதுதான், கால் கடுத்தது கடுத்ததுதான், ஆனால் எழுதுவது அரைப்பேர். நீங்கள் எனக்கு அந்த அரையைக்கூடப் போடவில்லை.

இனி எழுத வேண்டாம்.

ஆ. ஜெயலெட்சுமி


பதுளை.
2024.07.02

மதிப்புக்குரிய டீச்சருக்கு,

எழுத வேண்டாம் என்று சொல்லியும் எழுதுகிறேன். இதை வாசிக்காமல் கிழித்தாலும் நியாயம்தான். ஆனால் நடந்ததை வரிசையாகச் சொல்லாவிட்டால் எனக்கு மூச்சு முட்டும்.

உங்கள் கடிதத்தில் "அரைப்பேர்" என்ற சொல்லில் நின்றுவிட்டேன். அந்த நேரம் கடைக்கு, தோட்டத்திலிருந்து அழகர் என்பவர் நெருப்புப் பெட்டி வாங்க வந்திருந்தார். நான் வாய்விட்டு ஒரு கேள்வி கேட்பது அபூர்வம் என்பதால் மகனே திரும்பிப் பார்த்தான்.

"அரைப்பேருன்னா என்ன?"

"என்னங்க மொதலாளி, பதுளையிலேயே பொறந்துட்டு இதப் போயி கேக்குறீங்க? கிலோ கொறஞ்சா முழுப்பேரு போட மாட்டாங்க, அரைநாள் சம்பளந்தான். ஆளு வந்துச்சு, ஆனா பாதி ஆளுதான் வந்துச்சுன்னு அர்த்தம்."

"பாதி ஆளா?"

"ஆமாங்க. எந்தப் பாதின்னு மட்டும் கேட்டுறாதீங்க."

கடையில் எல்லோரும் சிரித்தார்கள். நான் மேலே போய் உங்கள் கையெழுத்துப் பிரதியை எடுத்தேன். மூன்றாம் அட்டவணை. மூன்றாம் நிரலின் தலையில் மு.பே., நான்காம் நிரலின் தலையில் அ.பே.

டீச்சர், நான் அதை அ.பெ. என்று வாசித்திருந்தேன். அண்ணளவுப் பெறுமானம். கிட்டத்தட்ட இவ்வளவு என்று சொல்லும் எண். அப்படியென்றால் மு.பெ. என்பது முழுமையான பெறுமானமாக இருக்க வேண்டும் என்று நானே முடிவு செய்துகொண்டேன். முப்பத்தைந்து வருடம் கரும்பலகையில் அ.பெ. என்று எழுதிய கை இது. உங்கள் எழுத்தில் ஒரு குறையும் இல்லை. இரட்டைக் கொம்பு தெளிவாக இருக்கிறது. என் கண்தான் தனக்குப் பழகிய ஒற்றைக் கொம்பைப் பார்த்தது.

நான் பட்ட பாட்டையும் சொல்லிவிடுகிறேன். சிவப்பு நட்சத்திரங்களுக்கு முழுமையான பெறுமானம் 12, அண்ணளவு 36. மூன்று மடங்கு விலகிப் போனால் அது என்ன அண்ணளவு? சூரியன் வகைக்கு 96, அண்ணளவு 48. ஒன்றைக்கொண்டு பார்த்தால் நூற்றுக்கு எட்டு வந்தது, மற்றதைக்கொண்டு நான்கு. நீங்கள் எழுதியிருந்ததோ பத்து. இரண்டையும்விடப் பெரிய விடை எப்படி வரும்? பாவம், டீச்சருக்கு வயதாகிவிட்டது என்று நினைத்தேன். இதை எழுத வெட்கமாக இருக்கிறது, ஆனால் நினைத்தது அதுதான். நான்காம் நிரலை எடுத்ததும் இரண்டு வகைக்கும் நூற்றுக்கு எட்டு என்று அழகாகச் சமமாக வந்தது. அந்த அழகில் ஏமாந்து அந்த வரியை எழுதினேன்.

இப்போது உறுதியானதற்கு முழுப்பேரும் உறுதியாகாததற்கு அரைப்பேரும் போட்டுப் பார்த்தேன். 36இல் அரைவாசி 18. அதோடு 12 சேர்ந்தால் 30. நூற்றைம்பது நட்சத்திரத்துக்கு முப்பது, நூற்றுக்கு இருபது. மற்றதில் 24உம் 96உம் சேர்ந்து 120, நூற்றுக்குப் பத்து. ஒரு எண்கூடப் பிசகவில்லை.

வாப்பா இருந்த காலத்திலிருந்தே எங்கள் கடைக்குத் தோட்டத்து ஆட்கள் வருகிறார்கள். இந்தச் சொல்லை நான் நூறு தரமாவது கேட்டிருப்பேன். அட்டவணைக்குள் வரக்கூடிய சொல் அது என்று ஒரு நாளும் நினைத்ததில்லை. என் பிழை கொம்பில் தொடங்கவில்லை, அங்கே தொடங்குகிறது.

மன்னிக்க வேண்டும்.

ஸரூக்


கொஸ்லந்தை.
2024.07.07

ஸரூக் சேருக்கு,

கடிதத்தைக் கிழிக்கவில்லை. இரண்டு தரம் வாசித்தேன். முதல் தரம் சிரிப்பு வந்தது. இரண்டாம் தரம், பிரஸ்ஸில் வந்ததைவிட அதிகக் கோபம் வந்தது.

இது என்ன என்று ஒரு வரி கேட்டிருந்தால், அரைப்பேர் என்று ஒரு வரி எழுதியிருப்பேன். மூன்று வாரம், நான்கு மாலை, ஒரு அத்தியாயம், எல்லாம் உங்கள் மரியாதைக்குப் பலி. மனம் நோகும் என்று கேட்காமல் விட்டீர்களே, இப்போது நோகவில்லையா?

அட்டவணைக்கு அடிக்குறிப்பு போடாதது என் பிழை. அதை ஒத்துக்கொள்கிறேன். எங்கள் பக்கத்தில் அந்த இரண்டு எழுத்துக்கு யாரும் விளக்கம் கேட்டதில்லை. ஏன் அரை, ஏன் முக்கால் இல்லை என்று நீங்கள் கேட்டிருந்தால் அதற்கும் என்னிடம் நல்ல பதில் இல்லை. சந்தேகத்தில் இருப்பவற்றில் எத்தனை நிஜமாகும் என்று எனக்குத் தெரியாது. தெரியாததற்குப் பூச்சியம் போடுவதைவிட அரை போடுவது நேர்மை என்று நினைத்தேன். அந்தச் சண்டையை நாம் போட்டிருக்கலாம். போட வேண்டிய சண்டை அதுதான்.

உங்கள் மன்னிப்பு எனக்கு வேண்டாம். மன்னிப்பு ஒரு கடிதத்தில் இருக்கிறது. பிழை இருநூற்றைம்பது புத்தகத்தில் இருக்கிறது. 28ஆம் திகதி வெளியீடு. பிழை யாருடையது என்று ஹாஷிம் சேரிடம் நீங்களே போய்ச் சொல்லுங்கள். கடிதம் எழுதி அனுப்பக் கூடாது. போய், வாயால். முடியாவிட்டால் என் பெயரை எடுத்துவிடச் சொல்லுங்கள். நான் வெளியீட்டுக்கு வரமாட்டேன்.

ஆ. ஜெயலெட்சுமி

பி.கு.: குடை பிரஸ்ஸில் கதவுக்குப் பின்னால் இருக்கும்.


பதுளை.
2024.07.16

அன்புள்ள டீச்சருக்கு,

போனேன்.

காலை ரயிலில் சொல்ல வேண்டிய வசனத்தை ஒரு தாளில் எழுதி, தெமோதரை வரும்வரை மனப்பாடம் செய்தேன். எல்லவில் வெள்ளைக்காரப் பிள்ளைகள் ஏறி ஜன்னலை மறைத்துப் படம் எடுத்ததில் தாள் எங்கேயோ விழுந்துவிட்டது. ஆகவே பிரஸ்ஸுக்குள் நுழைந்தவுடன் என் வாயில் வந்தது இவ்வளவுதான்: "ஹாஷிம், டீச்சர் சரி. நான்தான் பிழை."

அவர் எழுந்து வந்து என் காதருகில் கத்தினார். "புக் எல்லாம் பைண்ட் பண்ணி முடிஞ்சு சேர்! சின்ன விசயம்தானே. யாரு பார்க்கப் போறாங்க? கிரகத்துக்காரன் வந்து கேஸா போடப் போறான்?"

"பக்கத்தை மாத்தணும்" என்றேன்.

"ஏலாது சேர்."

இது தெளிவாகவே கேட்டது. உங்களிடம் மட்டும் சொல்கிறேன். கேட்காத மாதிரி இருந்தேன். "என்ன?" என்றேன். மறுபடி கத்தினார். "என்ன?" என்றேன். மெஷினைக் கழற்றிச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு கதிரையில் உட்கார்ந்தேன். பத்தரையிலிருந்து மதியம் லுஹர் பாங்கு சொல்லும்வரை உட்கார்ந்திருந்தேன். தொழுதுவிட்டு வந்து அதே கதிரையில் மறுபடி உட்கார்ந்தேன். வாழ்க்கையில் முதல் தடவையாக இந்தக் காது எனக்கு உதவியது. மூன்று மணிக்கு ஹாஷிம் ஒரு தாளில் பெரிய எழுத்தில் எழுதிக் காட்டினார்: "சீட்டு அடிச்சு ஒட்டுவோம். அதுக்கு மேல என்னால ஏலாது. எழும்புங்க சேர்."

முழுப் பக்கத்தையும் மாற்ற முடியவில்லை. அது எனக்குத் தீராத குறை. ஆனால் எல்லாப் பிரதியிலும் அந்த வரியை மறைத்து ஒரு சீட்டு ஒட்டப்படும். அதில் உங்கள் அட்டவணை நான்கு நிரலோடும் இருக்கும். தலைப்பில் சுருக்கம் இல்லை. முழுப்பேர், அரைப்பேர் என்றே விரித்து எழுதினேன். உங்கள் வரி நட்சத்திரத்தோடு அப்படியே வரும். கடைசியில் இப்படி எழுதிக் கொடுத்தேன்: "மூன்றாம் அட்டவணையைத் தவறாக வாசித்துத் திருத்தியவர்: ஏ. எம். ஸரூக் (அ.பே.)."

இந்தப் புத்தகத்தில் என்னை முழுப்பேராகப் போட எனக்கு மனம் வரவில்லை. இரட்டைக் கொம்பைச் சுற்றிச் சிவப்பு மையால் வட்டமும் போட்டுக் கொடுத்திருக்கிறேன்.

குடை என்னிடம் இருக்கிறது. 28ஆம் திகதி கொண்டுவருகிறேன். நீங்கள் வருவீர்களா என்று கேட்க எனக்கு உரிமை இல்லை. ஆனாலும் கேட்கிறேன். கேட்காமல் விட்டு ஒரு தரம் பட்டது போதும். வருவீர்களா?

ஸரூக்


கொஸ்லந்தை.
2024.07.30

ஸரூக் சேருக்கு,

குடையைக் கதிரையில் வைத்துவிட்டு, தேத்தண்ணிக்குக்கூட நிற்காமல் ஓடிவிட்டீர்கள். கடைசி வரிசையில் இருந்ததைப் பார்த்தேன். என்னை மேடைக்குக் கூப்பிட்டபோது எல்லோரும் கைதட்டி முடித்த பிறகும் நீங்கள் ஒருவர் மட்டும் தட்டிக்கொண்டிருந்தீர்கள். காது கேட்காததால்தான் என்று நினைத்துக்கொள்கிறேன்.

சீட்டு ஒட்டியிருக்கிறார்கள், சில பிரதிகளில் கோணலாக. ஓரத்தைத் தூக்கினால் பழைய வரி எட்டிப் பார்க்கிறது. உடுவும் தெரிகிறது. எத்தனை பேர் தூக்கிப் பார்ப்பார்களோ தெரியாது. என் அத்தியாயம் ஒட்டுப் போட்ட அத்தியாயம். அதை நினைத்தால் இன்னும் எரிகிறது.

ஆனால் நீங்கள் ஓடிப்போன அவசரத்தில் சீட்டின் கடைசி வரியை வாசித்திருக்க மாட்டீர்கள். நான் வாசித்தேன். "ஏ. எம். ஸரூக் (அ.பெ.)."

ஒற்றைக் கொம்பு, சேர்.

ஹாஷிம் சேரைக் கூப்பிட்டுக் காட்டினேன். முகமெல்லாம் மலர்ந்துவிட்டது. "ஆமா டீச்சர், கண்டுட்டீங்களா? சேர் வயசு போனதில மாறி ரெட்டைக் கொம்பு போட்டிருந்தாரு. ரவுண்ட் வேற போட்டு, திருத்தச் சொல்லி. நான் திருத்திட்டேன். அ.பெ.ன்னா அண்ணளவுப் பெறுமானம். சேர்தானே எனக்குப் படிப்பிச்சது!"

கூட வந்திருந்த தனுஜாவும் நானும் பஸ் வரும்வரை வாய் பொத்திச் சிரித்தோம்.

ஆசிரியர் வட்டம் எனக்குப் பத்துப் பிரதி தந்தது. பேனையை எடுத்து, பத்திலும் கொம்பைத் திருத்தலாம் என்று உட்கார்ந்தேன். முதலில் அட்டவணையைச் சரிபார்த்தேன். முழுப்பேர், அரைப்பேர், பத்து, இருபது, எல்லாம் சரியாக இருக்கின்றன. பிறகு உங்கள் பெயரிடம் வந்தேன். நனைந்த சட்டையோடு வந்து, மழை பெய்கிற மாதிரி இருக்கிறது என்று சொல்லும் மனிதருக்கு அண்ணளவுப் பெறுமானம் அப்படியொன்றும் பிழையில்லை என்று பட்டது. பேனையை மூடிவிட்டேன்.

கோபம் போய்விட்டதா என்று தயங்கித் தயங்கி ஒரு கடிதம் எழுத வேண்டாம். போகவில்லை. இப்போதைக்கு அரைப்பேர் போட்டுக்கொள்ளுங்கள்.

ஜெயலெட்சுமி